ஏழு பேர் கண்காட்சி, ஒரு கணக்கு நோட்டு

கும்பகோணத்தில் ஓவியம் படித்தவள் நான். கடைசி ஆண்டில் வகுப்புத் தோழர்கள் ஏழு பேர் சேர்ந்து சென்னையில் ஒரு குழுக் கண்காட்சி நடத்தினோம். ஆறே நாள். அந்த ஆறு நாளுக்காக என் பங்குக்கு மேலே என் கையை விட்டுப் போன பணம் 26,020 ரூபாய். ஐந்தடி அகலத்தில் நான் வரைந்திருந்த ஓவியம் ஒன்று பாழானது. அதன் பிறகு இரண்டு மாதம் தூரிகையைத் தொட மனம் வரவில்லை. ஒரு தோழியோடு இன்றுவரை பேச்சு இல்லை. கண்காட்சிக்கு முன்னால் விவரம் கேட்டு மூத்த மாணவர்கள் சிலரிடம் போனேன். "நடத்துங்கள், எல்லாம் தானாக அமையும்" என்றார்கள். தானாக எதுவும் அமையவில்லை. யாராவது ஒருவர் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசியிருந்தால் போதும், பாதித் துன்பம் வந்திருக்காது. அந்த ஒரு மணி நேரப் பேச்சாக நினைத்து இதைப் படியுங்கள்.

ஆடிப்பெருக்கு அன்று காவிரிப் படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது எடுத்த முடிவு அது. மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து சேர்ந்திருந்தது. படிகளில் பெண்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டும் காப்பரிசி பிசைந்துகொண்டும் இருந்தார்கள். ஏழு பேரும் காவிரியையோ அதன் கிளை ஆறுகளையோ பார்த்து வளர்ந்தவர்கள். ஆகவே ஆற்றையே பொருளாக வைத்துக்கொள்வோம் என்றோம். வகுப்பில் நாங்கள் ஊர்ப்பெயர் சொல்லித்தான் ஒருவரையொருவர் கூப்பிடுவோம். நான் வலங்கைமான். மற்றவர்கள் திருவையாறு, மயிலாடுதுறை, பூம்புகார், சுவாமிமலை, சீர்காழி, பாபநாசம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

தாராசுரத்தில் என் சித்தப்பாவின் பழைய நெல் கிடங்கு ஒன்று காலியாகக் கிடந்தது. ஓட்டுக் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள். அதன் வழியாக இறங்கும் வெளிச்சம்தான் எங்களுக்கு விளக்கு. என் படிப்புக் காலத்தின் மிக நல்ல நாட்கள் அந்தக் கிடங்கில் கழிந்தவை. திருவையாறு விடியற்காலையிலேயே ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போய், கல் தேரை இழுக்கும் குதிரையின் மீது வெயில் ஏறும் வரை நீர்வண்ணத்தில் வரைந்துவிட்டு எட்டரை மணிக்கு வருவான். சுவாமிமலை குயவர் வீட்டுப் பிள்ளை. ஆற்று வண்டலோடு மணலும் உமியும் சேர்த்துக் காலால் மிதித்துப் பதப்படுத்தி, உள்ளே கூடாக வைத்து உருவங்கள் செய்தான். "சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் தடித்தால் சூளையில் வெடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே உட்புறம் விரலைவிட்டுத் தடவிப் பார்ப்பான். பூம்புகார் செப்புத் தகட்டில் கோடு கீறி அமிலத்தில் அரித்து அச்செடுப்பவன். ஒருவர் வேலை செய்வதை இன்னொருவர் பக்கத்தில் இருந்து பார்ப்பதில் கிடைத்த படிப்பு எனக்கு வகுப்பறையில் கிடைத்ததில்லை.

ஆனால் ஒரே இடத்தில் ஒரே பொருளை எடுத்துக்கொண்டு வேலை செய்தால் ஒருவர் கண் மற்றவர் ஓவியத் துணியில் விழத்தான் செய்யும். நான் வறண்ட காவிரியை வரைந்துகொண்டிருந்தேன். வெள்ளை மணலை, பலகைக் கத்தியால் எண்ணெய் வண்ணத்தைத் தடிமனாக அப்பி, திட்டுத் திட்டாக எழுப்பினேன். மூன்றாவது வாரம் மயிலாடுதுறையின் துணியிலும் மணல் வந்தது. அவளுடையது மெல்லிய பூச்சு. அடியில் இளமஞ்சள், அதன்மேல் சாம்பல், இடையிடையே துணியின் நூலிழையே மணல் துகள் போலத் தெரியும். என்னுடையதைவிட அது நல்ல மணல். எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. "என் யோசனையை எடுத்துக்கொண்டாயா?" என்று கேட்டிருக்கலாம், "எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது" என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டேன். கூடி வேலை செய்யப் போகிறவர்கள் வாரம் ஒரு முறை எல்லாப் படங்களையும் சுவரோரம் சாய்த்துவைத்து, யாரிடமிருந்து எது யாருக்கு வந்தது என்பதை வாய்விட்டுப் பேசிவிடுங்கள். வாங்கியது கொடுத்தது தவறில்லை. பேசாமல் விட்டது பின்னால் வேறு வடிவத்தில் கிளம்பும், எனக்குக் கிளம்பியது.

பணத்துக்கு வருகிறேன். ஆளுக்கு 6,000, ஏழு பேருக்கு 42,000 ரூபாய் என்று பேசினோம். நாள் ஒன்றுக்கு 4,000 வீதம் ஆறு நாள் கூடத்துக்கு 24,000, வண்டிக்கு 9,000, அழைப்பிதழ், பேனருக்கு 3,000, தொடக்க நாள் தேநீர், பலகாரத்துக்கு 2,500, மீதம் கைச்செலவுக்கு. எல்லாம் வாய்ப்பேச்சு. "கணக்கில் கெட்டி நீதான், நீயே பார்த்துக்கொள்" என்று எல்லோரும் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கூடத்துக்கான தாளில் கையெழுத்துப் போட்டதும் நான் ஒருத்திதான். அன்றைக்கே இது ஏழு பேர் கண்காட்சியாக இல்லாமல் போனது. எனக்குப் புரியத்தான் நாளானது.

இத்தனைக்கும் அதே பருவத்தில் கலை வரலாற்று வகுப்பில் 1874ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியைப் படித்துத் தேர்வும் எழுதியிருந்தோம். மோனே, ரெனுவார், பிஸ்ஸாரோ, தெகா முதலான ஓவியர்கள் சலோன் என்ற அரசு சார்ந்த பெரிய கண்காட்சியை நம்பாமல் தாங்களே நடத்திய முதல் கண்காட்சி. அவர்கள் அதற்கு முன்பே ஒரு கூட்டுச் சங்கம் அமைத்து விதிகள் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்கு 60 பிராங்க். எந்தப் படம் எங்கே என்பதில் சண்டை வராமலிருக்க, அளவு வாரியாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கிப் போடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். அப்படி இருந்தும் ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது ஆளுக்கு 184.50 பிராங்க் கடன் நின்றது, சங்கத்தையே கலைத்தார்கள். நம் ஊரிலும் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் சென்னையை அடுத்த இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை அமைத்தபோது, முன்னதாகக் கைவினைஞர் சங்கம் ஒன்று வைத்து, பாத்திக் துணி போன்றவற்றை விற்றுச் சேர்த்த பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். இதையெல்லாம் ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்தேன். எனக்குச் சொல்லப்பட்ட வழிமுறை என்று எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் ஏழு பேரோ மூன்று பேரோ, ஒரு தாளில் எழுதுங்கள்: யார் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், செலவு கூடினால் எப்படிப் பங்கிடுவது, விற்றால் பொதுச் செலவுக்கு எவ்வளவு, ஒருவர் நடுவில் விலகினால் என்ன. எல்லோரும் கையெழுத்திடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று தோன்றும். நண்பர்களாகவே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

கூடம் நவம்பரில் கிடைத்தது. மற்ற மாதங்களைவிட வாடகை குறைவு என்பதால் உடனே சரி என்றேன். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரிந்தது எனக்கு உறைக்கவில்லை. ஈரக் காற்றில் துணி தொய்யும், சட்டம் முறுக்கும், எண்ணெய் வண்ணம் மெதுவாகத்தான் காயும். பார்க்க வருகிறவர்களும் மழையில் வரமாட்டார்கள். வாடகையில் மிச்சம் பிடித்தது ஆறாயிரம். அதைப்போலப் பல மடங்கு மழையிலேயே போனது.

எண்ணெய் வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது தண்ணீர் ஆவியாவது போலக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு இறுகுகிறது. மேலே தோல் கட்டினாலும் உள்ளே பச்சையாகவே இருக்கும். அம்பர் போன்ற மண் நிறங்கள் சீக்கிரம் இறுகும், டைட்டானியம் வெள்ளை தாமதமாக இறுகும். நான் வெள்ளையைத்தான் அரை அங்குலம் அப்பியிருந்தேன், அதுவும் செப்டம்பர் கடைசியில். விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை; காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். தடிமனாக அப்பிய படம் கண்காட்சிக்குப் போக வேண்டுமானால் குறைந்தது ஆறு மாதத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்; என்னுடையதுபோல அரை அங்குலமென்றால் அதுவும் போதாது. முடியாதென்றால் மெல்லிய பூச்சாக வரையுங்கள்.

கட்டும்போது செய்த தவறு இன்னும் பெரியது. கடைகளில் பபிள் ஷீட் என்று கேட்டு வாங்கும் குமிழ்த் தாளை, குமிழ்கள் படத்தைத் தொடும்படி நேராகச் சுற்றி, நாடா போட்டு இறுக்கிக் கட்டினோம். படத்தின் மேல் முதலில் கிளாசின் எனப்படும் வழுவழுப்பான தாளையோ நல்ல பட்டர் பேப்பரையோ போட வேண்டும். பிறகு நான்கு மூலையிலும் அட்டைக் காப்பு வைத்து, அதன்மேல் குமிழ்கள் வெளிப்பக்கம் பார்க்கும்படி சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் எதுவும் வண்ணத்தைத் தொடக் கூடாது. அக்ரிலிக்காக இருந்தாலும் இதேதான். வெயில் பட்டால் அது இளகி ஒட்டிக்கொள்ளும். ஈரம் காயாத படமென்றால் முகத்தில் எதுவுமே படாதபடி மரச் சட்டப் பெட்டியில் நிறுத்திவைத்துக் கொண்டுபோக வேண்டும். எங்களில் சரியாகக் கட்டியவன் சுவாமிமலை ஒருவன்தான். மரப்பெட்டியில் வைக்கோலைத் திணித்து, உருவத்தின் உட்கூட்டிலும் வைக்கோல் அடைத்து, அவன் தாத்தா சந்தைக்குப் பானை கொண்டுபோவதுபோலக் கட்டினான். ஏழு சுடுமண் உருவங்களில் ஒன்றுகூடக் கீறல் விழாமல் சென்னை போய்ச் சேர்ந்தன.

குட்டி யானை வண்டி ஒன்று பிடித்தோம். 9,000 என்று நான் கணக்கிட்டிருந்தது போகவர இரண்டுக்கும். வண்டிக்காரர் கேட்டது போவதற்கு மட்டும் 10,500. அவர் காலியாகத் திரும்பும் தூரமும் அதில் சேர்ந்தது. அது நியாயமும்கூட. பேசும்போது கேட்காதது என் பிழை. நெய்வேலி, பண்ருட்டி வழியாக விக்கிரவாண்டி தாண்டும்வரை தார்ப்பாய்க்குள் வெக்கை. திண்டிவனத்தில் மழை பிடித்தது. விடிகாலை ஐந்து மணிக்குச் சென்னை வந்துவிட்டோம். கூடம் திறப்பது பத்தரைக்கு. ஐந்தரை மணி நேரம் தெருவோரம், தூறலில், தார்ப்பாயின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வண்டிக்காரர் கடையில் டீ வாங்கிவந்து கொடுத்து, "தங்கச்சி, உள்ளே இருப்பது கண்ணாடிச் சாமானா? இவ்வளவு பயப்படுகிறாயே" என்று கேட்டார். கூடம் எத்தனை மணிக்குத் திறக்கும், சாமான் இறக்க எந்த வாசல், மாட்டும் நாளும் கழற்றும் நாளும் வாடகை நாளில் சேருமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். எங்களுக்குச் சேர்ந்தது. ஆறு நாளில் மாட்ட ஒன்று, கழற்ற ஒன்று போக, மக்கள் பார்க்க மிஞ்சியது நான்கே நாள்.

என் படத்தைப் பிரித்த நேரத்தை மறக்க முடியாது. நாடாவை அறுத்துத் தாளை உரித்தபோது, ரொட்டி மாவிலிருந்து ஈரத் துணியை எடுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. தாளோடு வெள்ளையும் வந்தது. குமிழ்கள் அழுந்திய இடமெல்லாம் வட்ட வட்டமாகப் பள்ளம், வரிசை பிசகாமல், மேலிருந்து கீழ்வரை. மணல் திட்டு இருந்த இடத்தில் தோல் கிழிந்து உள்ளேயிருந்த பச்சை வண்ணம் பிதுங்கிக்கொண்டு நின்றது. ஒரு திட்டின் உச்சி குமிழ்த் தாளிலேயே ஒட்டிக்கொண்டு போயிருந்தது. மூன்று மாத வேலை. அழுகைகூட வரவில்லை, கை நடுங்கியது. திருவையாறு தன் மேல்துண்டைத் தரையில் விரித்து, "உட்கார், முதலில் தண்ணீர் குடி" என்றான்.

அதன்பிறகு தெரிந்தது, எங்கள் 31 படங்களுக்குச் சுவர் போதாது என்பது. கூடத்தின் மொத்தச் சுவர் நீளம் 96 அடி என்று தாளிலேயே எழுதியிருந்தது. எங்கள் படங்களின் அகலத்தை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. படங்களுக்கு இடையே ஓரடியாவது வேண்டும் என்று வைத்தால் 120 அடிக்கு மேல் தேவை. ஊரிலேயே ஒரு கட்டத்தாளில் சுவரை வரைந்து, படங்களை அதே அளவுவிகிதத்தில் வெட்டி ஒட்டிப் பார்த்திருந்தால் ஒரு மாலை நேரத்தில் முடிந்திருக்கும் வேலை. இன்னொன்று, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதும் மேலே ஓடும் கம்பியிலிருந்து தொங்கவிட 14 சங்கிலிதான் உண்டு என்பதும் அங்கே போன பிறகே தெரிந்தது. சீர்காழியும் பாபநாசமும் அவசரத்தில் நான்கைந்து ஆணி அடித்துவிட்டார்கள். அதற்காகக் காப்புத் தொகை 5,000இல் 3,000 பிடித்துக்கொண்டார்கள். சங்கிலிக்குப் பதில் நைலான் கயிறு, கொக்கி, இரண்டு விளக்கு வாடகை என்று 2,600 போனது.

ஒன்பது படங்கள் சுவரேறாமல் பின்னறையில் இருக்க வேண்டும். எவை என்று யார் சொல்வது? பொறுப்பு நான்தானே என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அளவு நாடா என் கையில், பென்சில் என் காதில், கூடத்தின் சாவி என் இடுப்பில். பெரிய படங்கள் இடத்தை அடைக்கின்றன என்று சொல்லி, மயிலாடுதுறையின் நான்கு படங்களைப் பின்னறைக்கு அனுப்பினேன். அந்த மணல் ஓவியமும் அவற்றில் ஒன்று. முகப்புச் சுவரில் என் பாழான படத்தை வைத்தேன். இரவில் கூடத்தின் காவலரிடம் அனுமதி வாங்கி, பன்னிரண்டு மணி வரை கத்தியும் வெள்ளையுமாகப் பள்ளங்களை நிரப்பினேன். பச்சை வண்ணத்தின் மேல் பச்சை வண்ணம். கிட்டே நின்று பார்த்தால் கட்டுப்போட்ட புண் மாதிரி இருந்தது. அது பெரிய படம் இல்லையா என்று மற்ற யாரும் கேட்கவில்லை. மயிலாடுதுறை கேட்டாள். "உன் படம் எத்தனை அடி?" என்று மட்டும் கேட்டாள். நான் கணக்கு, வெளிச்சம், பார்வைத் தூரம் என்று என்னென்னவோ சொன்னேன். அன்று அவளுடைய மணலைப் பின்னறையில் சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்தபோது என் மனதில் பொறாமை இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆறாயிரத்தில் மூவாயிரம்தான் அதுவரை கொடுத்திருந்தாள். மறுநாள் திறப்பு விழா முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டாள்.

படம் வைத்திருப்பவரே இடம் ஒதுக்கக் கூடாது. சீட்டுக் குலுக்குங்கள், இல்லையென்றால் கண்காட்சியில் படமே இல்லாத ஒரு ஆசிரியரையோ மூத்த மாணவரையோ அழைத்து அவர் சொன்னபடி மாட்டுங்கள். நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னால் பாரிஸில் அவர்கள் யோசித்தது சும்மா இல்லை.

மாட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரு முழு நாளைத் தின்ற வேலை அது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குல உயரத்தில் வந்தால் நின்று பார்ப்பவரின் கண்மட்டத்துக்கு ஒத்துவரும். எல்லாப் படத்துக்கும் அதையே வைத்துக்கொண்டால் வரிசை சீராக இருக்கும். கொக்கியின் உயரத்துக்கு, 57உடன் படத்தின் உயரத்தில் பாதியைக் கூட்டி, பின்னால் கட்டிய கயிற்றை விரலால் மேலே இழுத்தால் அதன் உச்சிக்கும் படத்தின் மேல்விளிம்புக்கும் எவ்வளவு இடைவெளியோ அதைக் கழியுங்கள். என் படம் 48 அங்குல உயரம், கயிறு விளிம்பிலிருந்து 6 அங்குலம் கீழே. 57, 24 கூட்டி 81. அதில் 6 போனால் 75. அங்கே ஒரு புள்ளி, அவ்வளவுதான். இது தெரியாமல் ஒவ்வொரு படத்தையும் இருவர் தூக்கிப் பிடித்து, மூன்றாமவர் தூரத்தில் நின்று "இன்னும் கொஞ்சம் மேலே" என்று கத்திக்கொண்டிருந்தோம். தொய்ந்த துணிக்குச் சட்டத்தின் மூலைகளில் மர ஆப்பைச் செருகி லேசாகத் தட்டினால் இறுகும். ஆப்பு வைக்கும் காடி உள்ள சட்டமாகப் பார்த்து வாங்குங்கள்.

திறப்பு விழாவுக்கு நாற்பது பேர் வந்தார்கள். பெரும்பாலும் சொந்தக்காரர்களும் கல்லூரி நண்பர்களும். அழைப்பிதழை நான்கு நாளைக்கு முன்புதான் அனுப்பினேன். நாளிதழ்களின் இன்றைய நிகழ்ச்சிகள் பகுதிக்கு அனுப்ப நினைவே வரவில்லை. மறுநாள் காலை பார்த்தால் ஏழு பேரில் நான்கு பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். அடுத்த நாள் பூம்புகாரும் போனான். நானும் சீர்காழியும்தான் மிச்சம். பெரியம்மா வீடு அம்பத்தூரில். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து இருந்ததால் போக்குவரத்துச் செலவு இல்லை. காலை ஒன்பதுக்குக் கிளம்பி, இரவு ஒன்பதுக்குத் திரும்புவேன். மழை ஊற்றிய புதன்கிழமை பார்வையாளர் ஏட்டில் பதினொரு பெயர். காவலரும் நானும் சுவர்களும். அந்த நாளில்தான் தனிமை என்னை முழுமையாகப் பிடித்தது. கூட்டாகத் தொடங்கிய ஒன்று எப்போது என் ஒருத்தியின் பாரமானது என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். யார் எந்த நாள், எத்தனை மணி வரை கூடத்தில் உட்காருவது என்று பெயர் போட்டு முன்பே எழுதிவிடுங்கள். படத்தை வரைந்தவர் பக்கத்தில் நின்றால்தான் பார்ப்பவர் வாய் திறப்பார். ஓய்வுபெற்ற தம்பதி ஒருவர் பூம்புகாரின் அச்சுப்படத்தின் முன்னால் அரை மணி நேரம் நின்று, தகட்டை எப்படி அரிப்பது என்று கேட்டார்கள். அவன் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அப்படியும் மூன்று பிரதிகள் வாங்கினார்கள்.

விற்பனையிலும் பாடம் உண்டு. விலைப்பட்டியல் அச்சடிக்காமல், கேட்பவருக்கு வாயால் சொன்னோம். நான் சாப்பிடப் போயிருந்தபோது திருவையாறின் நீர்வண்ணங்கள் இரண்டைக் கேட்டவரிடம், பத்தாயிரம் என்று பேசியிருந்ததை, அவர் தயங்கியதும் சீர்காழி ஆறாயிரத்துக்கு ஒத்துக்கொண்டுவிட்டான். நல்லெண்ணத்தில் செய்ததுதான். திருவையாறுக்கு இன்றும் வருத்தம். கடைசி விலை எதுவரை என்று ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கிவையுங்கள். மொத்தம் 38,000 ரூபாய்க்கு விற்றது. அதில் 25 சதவீதம், 9,500 ரூபாய், தங்கள் பங்கு என்று கூடத்தார் எடுத்துக்கொண்டார்கள். வாடகையும் வாங்கிக்கொண்டு பங்கா என்று கேட்டேன். நான் கையெழுத்திட்ட தாளின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். பொடி எழுத்தில் இருந்தது. வாடகைக்கு மேல் 18 சதவீத வரி 4,320 என்பதும் அதே பக்கத்தில்தான். நான் முதல் பக்கத்தைத்தான் படித்திருந்தேன்.

ஊர் திரும்பிக் கணக்கு முடித்தேன். வண்டி போகவர 21,000. வழியில் மூலை உடைந்த இரண்டு படங்களுக்குச் சட்டம் மாற்ற 3,800. அச்சுச் செலவு 3,400, தேநீர், பலகாரம் 2,900. கூடம், வரி, பிடித்தம், கயிறு, விளக்கு எல்லாம் சேர்த்து மொத்தம் 65,020. விற்ற பணம் வரைந்தவர்களுக்கே போனதால், பங்காக வந்து சேர்ந்தது 39,000. மொத்தத்தை ஏழாகப் பிரித்தால் ஆளுக்கு 9,290 வரும். கேட்டேன். "ஆறாயிரம் என்றுதானே பேச்சு" என்றார்கள். பேச்சு அதுதான், எழுத்து எதுவும் என்னிடம் இல்லை. வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்ற அம்மா சீட்டுக் கட்டி எடுத்து வைத்திருந்த 20,000 அதில் போனது. அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் அடுக்களையில் ஒழுகும் இடத்தில் அண்டாவை வைத்துக்கொண்டார். தை மாதத்திலிருந்து பள்ளிக்கூடச் சுவர்களில் சதுர அடிக் கணக்கில் படம் வரைந்து அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அது முடிய ஐந்து மாதமானது.

மயிலாடுதுறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். பின்னறை விஷயத்தை உள்ளபடி எழுதினேன், மணலைப் பற்றியும். பதில் இல்லை. நோட்டில் அவள் பெயருக்கு எதிரே இருந்த 3,000 ரூபாயை அடித்துவிட்டேன். அதைக் கேட்க எனக்கு வாயில்லை.

போன வாரம் கல்லூரியிலிருந்து மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ஐந்து பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாசியில் தஞ்சாவூரில் கண்காட்சி வைக்கிறார்களாம். என் கணக்கு நோட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டினேன். பரணிலிருந்து படத்தை இறக்கிக் காட்டினேன்; ஓராண்டு கழிந்தும் ஒரு திட்டில் நகத்தை அழுத்தினால் உள்ளே இளகுகிறது. ஒப்பந்தத் தாளை அவர்களே எழுதினார்கள், நான் ஒரு வரியும் சொல்லவில்லை. சுவருக்குச் சீட்டை இங்கேயே குலுக்கிவிடலாம் என்று ஒருத்தி சொன்னாள். அம்மா அரிசிப் படியைக் கொடுத்தார். ஐந்து துண்டுக் காகிதங்களைச் சுருட்டிப் போட்டுக் குலுக்கினார்கள். முகப்புச் சுவர், உள்ளங்கை அகலத்தில் லினோ அச்சுப்படங்கள் செய்யும் பெண்ணுக்கு விழுந்தது. அவள் சீட்டை விரித்துப் படித்துவிட்டு, மற்ற நால்வர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்து, மறுபடியும் விரித்துப் படித்தாள்.